மிச்சம் அறுபது

என் மகனுக்கு நாற்பது சதவீதம் என்று அரசாங்கம் எழுதி அனுப்பிய காகிதத்தை முதலில் நான் தப்பாகத்தான் படித்தேன். பாலக்காட்டுப் பக்கம் முதலமடைப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் பாடம் எடுப்பவள் நான். வருஷத்துக்கு மூன்று தடவை விடைத்தாள் திருத்துகிறவளுக்கு எண்ணுக்குப் பக்கத்தில் சதவீதக் குறியைக் கண்டால் புத்தி வேறெங்கும் போகாது. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், இவன் நாற்பது எடுத்திருக்கிறான், தேறிவிட்டான் என்று மனசு ஒரு நொடி குளிர்ந்தேவிட்டது. பிறகுதான் மேல் வரியைப் படித்தேன். அது அவனிடம் கெட்டுப்போயிருக்கிற அளவு.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவன். எழுபத்தொன்றில் கிழக்கு வங்காளத்தில் நடந்த போரில் இருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். ராணுவ ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி இவனால் ஆகாது என்று அடுத்த வருஷக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே இந்தக் காகிதமும் வந்தது.

என் கணவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மாந்தோப்பும் கிணறும்தான் தெரியும்.

“என்ன நோவுன்னு போட்டிருக்குது?” என்றார்.

“நியூரோசிஸ்னு போட்டிருக்குதுங்க.”

“ரோசமா?”

“ரோசமில்லீங்க. நியூ ரோ சிஸ்.”

“புது ரோசமா?” என்று அவர் தலையில் கை வைத்தார். “நம்ம வமுசத்துக்குப் பழைய ரோசமே தாங்க முடியலை. இதுல பையன் புதுசா வேற வாங்கியாந்திருக்கானா?”

நானும் சிரித்தேன், மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் என் கணவரின் அண்ணன் வந்தார். அடுத்த தோப்பு அவருடையது. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி சொன்னார்:

“நாப்பது கெட்டுப்போச்சுன்னா இருக்கட்டும் அம்மணி. மிச்சம் அறுவது இருக்குதல்லோ? அதக் காட்டுக்கு அனுப்பு. தண்ணி பாய்ச்ச ஆளில்லாம நான் ஒருத்தனே சாவறேன்.”

நல்ல நகைச்சுவைதான். நல்லதாக இருந்ததுதான் எங்களுக்கு வினை. டீக்கடைக்குப் போயிற்று, மாங்காய் லாரிக்காரர்களிடம் போயிற்று, ரேஷன் கடை வரிசை வரைக்கும் போயிற்று. அவன் எதிரே வந்தால், “வாங்க அறுவது, ஊட்டுல நாப்பது சௌக்கியங்களா?” என்றார்கள். முதல் தடவை அவனும் சிரித்தான். மூன்றாம் தடவைக்குப் பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான்.

ஊர் அவனை ஏன் நம்பவில்லை என்றால், பார்க்க அவன் நன்றாக இருந்தான். ஆறடி ஆள். இரண்டு கை, இரண்டு கால். சோம்பேறி, நடிக்கிறான், வாத்தியாரம்மா மகன் என்பதால் படித்தே நடிக்கிறான் என்றுகூடப் பேச்சு வந்தது. அவனுக்காகப் பேச என்னிடம் இருந்தது அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு வரி. ‘இந்த நோய் ராணுவ சேவையால் உண்டானதா?’ என்று அச்சடித்த கேள்வி. எதிரே பேனாவால் எழுதிய ‘ஆம்’. சதவீதத்தைவிட அந்த ‘ஆம்’ என்ற சொல்லைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த ‘ஆம்’ என்பதற்கு ஆயுள் இரண்டு வருஷம். பிறகு மறுபடி மெடிக்கல் போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் காகிதமும் அதை வைத்து வரும் பென்ஷனும் அத்தோடு முடிந்தன. அப்புறம் டீக்கடை சொன்னதுதான் தீர்ப்பு. எங்களுக்குப் பிறகு அவனுக்கு என்ன வழி என்ற கவலையும் இருந்தது. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசியதில்லை.

அவன் நோய் என்ன என்று சொல்ல வேண்டும். மாங்காய்தான். மரத்திலிருந்து காய் விழுந்தால் மண்ணில் ஒரு ‘தொப்’ கேட்கும். பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம், எங்கள் காதில் அது விழுவதேயில்லை. அவன் மட்டும் அந்த ‘தொப்’புக்கு அடுத்த கணம் குப்புறத் தரையில் கிடப்பான். சோறு தின்றுகொண்டிருந்தால் தட்டோடு கிடப்பான். ஊரெல்லாம் மாந்தோப்பு, வீட்டைச் சுற்றி எங்கள் தோப்பு, மாசி பிறந்தால் பகல் முழுக்கத் தொப் தொப். அந்த முதல் வருஷம் என் கணவர் ஒரு காரியம் செய்தார். வீட்டை ஒட்டிய இருபது மரத்திலும் காய் முற்றுவதற்கு முன்னாலேயே ஏறி மொத்தமும் பறித்துவிட்டார். வாங்க வந்த வியாபாரி பிஞ்சைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது ஊறுகாய்க்கும் ஆகாதுங்களே” என்றார். “மரத்துக்குப் பாரமா இருந்துதுங்க” என்றார் இவர்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. எழுபத்தைந்தில், போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அதே மாதத்தில், பையன் தேற ஆரம்பித்தான்.

குளிக்கும்போது சீட்டியடித்தான். அப்பாவின் குடுமியைக் கேலி செய்தான். ஒரு மத்தியானம் நான் முறத்தோடு உட்கார்ந்திருக்க, அவன் தூணருகே நின்றிருக்க, காய் ஒன்று விழுந்தது. அவன் விழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்து, கிரிக்கெட் நடுவர் மாதிரி ஒரு விரலைத் தூக்கி, “அவுட்” என்றான்.

வேறு எந்தத் தாயும் சாமி கும்பிட்டிருப்பாள். நான் உள்ளே ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தேன். போர்டுக்கு இன்னும் பத்தொன்பது நாள். இந்த வேகத்தில் தேறினால் அதற்குள் முழுசாகத் தேறிவிடுவான் போலிருந்தது. பத்தொன்பது நாள் கழித்துத் தேறக்கூடாதா என்று அடுப்படியில் நின்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கோவிலில் போய்ச் சொல்வது என்று தெரியாமல் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பரீட்சைக்குத் தயார் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவனுடைய தொல்லைகளை எல்லாம் வரிசை எண் போட்டு எழுதினேன். முப்பத்தொன்று வந்தது. சாயங்காலங்களில் அவனை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டேன். என் கணவர் வெற்றிலை மென்றுகொண்டு பார்வையாளராக உட்கார்ந்திருப்பார்.

“உறக்கம் எப்படி?”

அவன் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பான். “உறக்கம் லீவுல போயிருக்குதுங்க மேடம். லீவ் லெட்டர் கொடுக்கலை.”

“ஒழுங்காச் சொல்லு தம்பி. மூஞ்சியச் சோகமா வெச்சுக்க.”

அவன் ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று கேட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். என் கணவருக்கு வெற்றிலை புரையேறிவிடும்.

“சிரிச்சாக்க மார்க்கு போயிரும்!” என்று நான் கத்துவேன். கத்திவிட்டு நானே சிரிப்பேன்.

ஒரு நாள் மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான். “இல்லாததச் சொல்ல மாட்டேம்மா.”

“இல்லாததச் சொல்லச் சொன்னேனா? இருக்கறதச் சொல்லு சாமி.”

“இருக்கறது வாயில வர மாட்டேங்குது. அது வந்துருச்சுன்னா நான் எதுக்குப் போர்டுக்குப் போறேன்?”

அன்றைக்குப் பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டோம்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது என் கணவர் அவனை முடிவெட்டக் கூட்டிப்போனார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். “வேண்டாமுங்க, தாடியும் தலையுமாப் போகட்டும். பாத்த ஒடனே தெரியணுமுங்க.”

“என்ன தெரியணும்? ஆபீசருகளப் பாக்கப் போறவன் பரதேசியாட்டமா போவான்? நம்மூட்டு மானம் என்னாகறது?”

முடி வெட்டி, மீசை திருத்தி, புது டெரிகாட்டன் சட்டையோடு கூட்டிவந்தார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தான். பஸ் நிறுத்தத்தில் நான் அவன் தலையைக் கலைத்துவிட்டேன், இவர் சீப்பை எடுத்து வாரினார். மறுபடி கலைத்தேன், மறுபடி வாரினார். பஸ் வந்துவிட்டதால் கடைசி வாரல் அவருடையதாகிப் போயிற்று. டாக்டர்களுக்கு என்று ஒரு கூடை மாம்பழமும் கொண்டுவந்திருந்தார். மகன் அதை வாங்க மறுத்தான். “அங்க போயி ஒண்ணு உருண்டு விழுந்துதுன்னா மேஜைக்கு அடியில படுக்கறது நான்தானுங்கப்பா.” கூடை அப்பாவோடு வீட்டுக்குத் திரும்பியது. நானும் மகனும் பொள்ளாச்சி வழியாக ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமாகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர். கல்யாண வீட்டில் பேசிக்கொள்வது போல எல்லோரும் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒருவர், எதிரே மூன்று விரல் போன ஒருவரிடம், “உங்க கைக்கு எவ்வளவு போட்டாங்க?” என்று விசாரித்தார். அவர் சொன்னதும், “பரவாயில்லையே, விரலுக்கு நல்ல மார்க்கெட்டு” என்றார். சுற்றிலும் சிரிப்பு. பிறகு என் மகன் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எங்க தம்பி அடி?”

“தெரியலைங்க. ரெண்டு வருசமா அவங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அவர் தன் ஊன்றுகட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் உள்ளே இடிந்தது. இவ்வளவு நன்றாக ஜோக் அடிக்கிறவனுக்கு யார் சதவீதம் போடுவார்கள்?

போர்டு கூடுவதற்கு முன்னால் மனநல டாக்டர் ஒருவர் தனியாகப் பார்த்து எழுதித்தர வேண்டுமாம். அவன் உள்ளே போய் அரை மணி இருந்துவிட்டு வந்தான். பிறகு வீட்டாள் யாராவது வந்திருந்தால் வரச்சொன்னார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே, பாதிக் கதவைத் தள்ளி உள்ளே போனேன். டாக்டர் இளைஞர், மலையாளி. பாலக்காட்டுக்காரி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. நாற்காலியைக் காட்டினார். அன்பாக, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“டீச்சரே, மகனு இப்போள் எங்ஙனெ? சுகமல்லே?”

“சுகம் சாரே, சுகம்” என்றேன்.

எங்கள் பக்கத்துக்கு வந்து பார்த்தவர்களுக்குத்தான் இது விளங்கும். மலையாளத்தில் ‘சுகமல்லே’, அதாவது நலம்தானே, என்று யாராவது கேட்டால், ‘சுகம்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கேட்பவரும் கேட்பதில்லை, சொல்பவரும் சொல்வதில்லை. வரப்பில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி நிற்பது போல ஒரு வழக்கம். அரிசி மில்லுக்காரர் கால் முறிந்து கட்டோடு கிடந்தபோது பார்க்கப் போனேன். சுகமல்லே என்றேன், “சுகம் டீச்சரே” என்றார். அதற்குப் பிறகுதான் காலைக் காட்டி அழுதார். பத்தொன்பது நாள் படித்த முப்பத்தொரு குறிப்பும் விரலுக்கடியில் இருக்க, நானும் அப்படி ஒதுங்கி நின்றுவிட்டேன்.

டாக்டர் தலையசைத்து எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் எழுதுவதை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றே தலைகீழாகப் படித்துப் பழகிய கண் என்னுடையது. ‘நலமாக இருப்பதாகத் தாய் கூறுகிறார்’ என்று இங்கிலீஷில் அழகாக எழுதினார்.

எழுந்துவிட்டேன். “அய்யோ சாரே, அது இல்ல! அது மரியாதைக்கு!”

“மரியாதைக்கோ?”

“சுகம்னு சொன்னேனல்லோ, அது சுகமல்ல!”

“அப்போள்... சுகமல்லே?”

“சுகமல்ல!”

“அதான் சோதிச்சது. சுகமல்லே?”

அதைத்தான் கேட்டேன் என்று அவர் கேள்வியாகச் சொல்கிறார், நான் இல்லை என்று சொல்கிறேன், இரண்டும் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது. நாலு தடவை மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டோம். ஐந்தாவது தடவை பாதிக் கதவுக்கு வெளியே ஒரு சத்தம் வெடித்தது. என் மகன் சிரிக்கிறான். சிரிப்பென்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறி, கண்ணில் நீர் வழிய. பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் கேட்ட சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது, உயிர் போயிற்று. இந்த நிமிஷமா கிடைத்தது இவனுக்கு?

டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டு, ஏன் சிரிக்கிறாய் என்றார். “எந்தினா சிரிக்குந்நது?”

“மன்னிச்சிருங்க சார். அம்மா பத்தொம்பது நாளாப் பாடம் படிச்சாங்க. மொதக் கேள்வியிலயே ஃபெயிலு.”

டாக்டரும் சிரித்துவிட்டார். நான் நோட்டை அவர் முன்னால் தள்ளினேன். அவர் அதைத் தொடுவதற்குள் மகன் மறுபடி பேசினான். இந்தத் தடவை குரல் மாறியிருந்தது.

“சார், எங்கம்மாவக் கேட்டு என்னைப் பத்தி எழுதாதீங்க. அவங்களப் பத்தி எழுதுங்க. மாங்காய் விழுந்தா நான் குதிக்கறேன், நெசந்தான். அவங்க விழறதுக்கு முன்னாலயே குதிக்கறாங்க. காம்பு ஆடறப்பவே தெரிஞ்சுருது அவங்களுக்கு. வர்ற வழியில டிரைவர்கிட்டப் போயி ஹாரன் அடிக்காதீங்கன்னு கெஞ்சினது யாருன்னு கேளுங்க.”

அவன் தூங்குகிறான் என்று நினைத்துத்தான் நான் டிரைவரிடம் போனேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “டீச்சர் உறங்காறுண்டோ?” என்று கேட்டார். உறங்குவதுண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்தத் தடவை வாய் தானாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நோட்டில் இல்லாதது எல்லாம் வந்தது. தெருவில் அவனுக்குப் பத்தடி முன்னால் நான் நடப்பது. நாய் குரைத்தால் அதற்கு முன்னால் போய் நிற்பது. வீட்டுத் தோப்புக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம் என்பதால், மணியடிக்கிற தண்டவாளத் துண்டில் துணியைச் சுற்றிவைத்தது. ஒரு பருவம் முழுக்க எங்கள் பள்ளி மணி இருமுகிறவன் மாதிரிதான் கேட்டது. ஏன் என்று தலைமையாசிரியருக்கு இன்றைக்கும் தெரியாது. சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. பேச்சையும் சிரிப்பையும் நிறுத்த முடியவில்லை. மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் நிறைய எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டார்.

போர்டு முன்னால் அவன் தனியாகத்தான் போனான். மூன்று அதிகாரிகள். கால் மணிகூட ஆகவில்லை.

“என்ன கேட்டாங்க?”

“எப்படி இருக்கறேன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிச்சேன். அவங்க காத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் வெளிய எங்கயோ வேன் கதவு சாத்துன சத்தம் கேட்டுது சார், அதுக்கப்புறம் நீங்க பேசுனது ஒண்ணும் என் காதுல உளுகலைன்னு சொன்னேன். அதான் நெசம்.”

நோட்டில் அது இல்லை. அதைவிட நல்ல பதிலை நான் எழுதியிருக்கவும் முடியாது. திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டே வந்தோம். முன் சீட்டு அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து குதித்தோம், அதற்கும் சிரித்தோம்.

நாலு மாதம் தபால் வரவில்லை. அந்த நாலு மாதத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆடியில் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அவன். நான் கையை நீட்டினேன். “வேண்டாம்மா, நானே படிக்கறேன்” என்று நின்றபடியே பிரித்தான்.

“முப்பது” என்றான்.

என் கணவர் திகைத்தார். “ஏறியிருக்குதா, எறங்கியிருக்குதா?”

“பத்து எறங்கியிருக்குதுங்கப்பா.”

“அது நல்லதா கெட்டதா?”

யாருக்கும் தெரியவில்லை. அழலாம் என்று யாராவது ஆரம்பித்திருந்தால் அழுதிருப்போம். மகன் கடிதத்தில் விரலை ஓட்டி, “இன்னும் ரெண்டு வருசத்துக்கு” என்றான். விரல் இன்னும் இறங்கி ஓரிடத்தில் நின்றது. அவன் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பினான். அந்தக் கேள்வி இருந்தது. எதிரே, வேறொரு கையெழுத்தில், ‘ஆம்’ இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவர் வந்தார், என் கணவரின் அண்ணன். தபால்காரர் சொல்லியிருப்பார். என்ன போட்டிருக்கிறது என்றார். என்ன ஜோக் வரப்போகிறதோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன். மகன் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

“எங்க போட்டிருக்குது?”

மகன் விரலை வைத்துக் காட்டினான். “பட்டாளத்துல வந்த நோவான்னு இந்த எடத்துல கேட்டிருக்குதுங்க பெரியப்பா. ஆமான்னு இந்த எடத்துல எழுதியிருக்குதுங்க.”

“எத்தன பேரு எழுதுனது?”

“மூணு பேரு. இதா கையெழுத்து.”

மூன்று கையெழுத்தையும் ஒவ்வொன்றாக, தோப்பின் எல்லைக் கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “காப்பி போடறியா அம்மணி?” என்றார் என்னிடம். நான் உள்ளே போனதும் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“அங்க என்னதான் சாமி ஆச்சு?” என்றார்.

இந்த இரண்டரை வருஷத்தில் அவனிடம் அதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நான் முப்பத்தொரு குறிப்பு எழுதினேன், இதைக் கேட்கவில்லை.

வெளியே அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வந்தது. இறக்கி வைத்துவிட்டு, டம்ளரை எடுக்காமல் அப்படியே நின்றேன். ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டால் சொல்ல வந்ததை நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருந்தது.